பட்டாடையும் பட்டயமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரபுத்துவ உருவப்படங்கள் பற்றிச் சில கருத்துக்கள்

ஓவியத்தை ஓவியமாக மட்டுமே பார்க்க வேண்டும், அதற்குள் வர்க்கத்தையும் அரசியலையும் தேடுவது ரசனைக் குறைவின் அடையாளம் என்று நமக்கு அடிக்கடி உபதேசம் செய்யப்படுகிறது. கவிதையிலும் நாவலிலும் சமுதாயத்தைப் பற்றிப் பேசினாற் பொறுத்துக்கொள்பவர்கள்கூட, ஓவியம் என்று வந்ததும் முகஞ் சுளிக்கிறார்கள். வர்ணத்துக்கு ஏது வர்க்கம், கோட்டுக்கு ஏது கட்சி என்பது அவர்கள் எழுப்பும் வினா. வினா கவர்ச்சியானதுதான். ஆனால் உருவப்படம் என்ற கலைவகையை எடுத்து எதிரே வைத்தவுடன் அது தானாகவே உதிர்ந்துவிடுகிறது. மலையையும் நதியையும் ஓர் ஓவியன் தன் மனநிறைவுக்காகத் தீட்டியிருக்கலாம். ஒரு பிரபுவின் ஆளுயரப் படத்தை அவ்வாறு பொழுதுபோக்குக்காக எழுதுவார் அரியர். அங்கே ஒருவர் பணம் கொடுக்கிறார்; இன்னொருவர் தூரிகை எடுக்கிறார்; படத்தில் உள்ளவர் உலகத்தின் கண்களுக்கு எவ்வாறு தோன்ற வேண்டும் என்பது இருவருக்குமிடையே உள்ள ஒப்பந்தம். ஒப்பந்தம் உள்ள இடத்தில் வர்க்கம் இல்லை என்று சொல்பவர் ஒன்றில் அப்பாவியாக இருக்க வேண்டும், அல்லது அவ்வொப்பந்தத்தால் நன்மை அடைந்தவராக இருக்க வேண்டும்.

இக்கட்டுரையில் நான் நிறுவ முயல்வது இதுதான்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரபுத்துவ உருவப்படம் ஒரு முகத்தின் பதிவு மாத்திரமன்று, அது ஓர் உரிமையின் பதிவு. காணிக்கு உறுதி எழுதுவதுபோல மேன்மைக்கு எழுதப்பட்ட உறுதி அது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வழக்கு இல்லாத காணியின் உறுதியை யாரும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதில்லை. அது பெட்டிக்குள்ளே கிடக்கும். எவனுடைய உரிமை கேள்விக்கு உள்ளாகிறதோ அவன்தான் உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டித் திரிவான். ஐரோப்பியப் பிரபுக்களின் படங்கள் அந்த நூற்றாண்டில் அவ்வளவு பெரியனவாகவும், அவ்வளவு பளபளப்பாகவும் அமைந்தமைக்குக் காரணம் அவர்களுடைய பலமன்று, அவர்களுடைய பயமே.

* * *

பயம் எங்கிருந்து வந்தது? 1789 இலிருந்து வந்தது. அதற்கு முன்னர் பிரபு பிறப்பினாற் பிரபு. அவனுடைய படம் அவனை வியந்தது, அவனுக்காக வாதாடவில்லை. 1790 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பிரெஞ்சுத் தேசிய சபை பரம்பரைப் பட்டங்களை ஒரு சட்டத்தினால் இல்லாமற் செய்தது. 1793 ஜனவரியில் மன்னன் பதினாறாம் லூயியின் தலை பாரிஸ் நகரின் நடுவிலே விழுந்தது. பட்டம் சட்டத்தாற் பறிக்கப்படக்கூடியது, தலை ஓர் இயந்திரத்தாற் கொய்யப்படக்கூடியது என்பதை ஐரோப்பிய மக்கள் தம் கண்ணாற் கண்டனர். அந்தக் காட்சியைக் கண்ட பின்னர் எந்தப் பிரபுவும் முன்னைப்போல் நிம்மதியாக ஓவியன் முன்னே வந்து நின்றிருக்க முடியாது.

நூற்றாண்டின் வாசலிலேயே கோயாவின் படம் ஒன்று நிற்கிறது. 1800 ஆம் ஆண்டு தொடங்கி அடுத்த ஆண்டில் நிறைவுற்ற 'நான்காம் சார்ள்ஸின் குடும்பம்' என்ற அப்பெரும் படம் மட்ரிட் நகரின் பிராடோ நூதனசாலையில் உள்ளது. ஸ்பெயினின் மன்னன், அரசி, பிள்ளைகள், உறவினர் எனப் பதின்மூவர் அதில் நிற்கின்றனர். ஆடவர் மார்பிலே நீலமும் வெள்ளையுமான பட்டுப் பட்டிகை. பெண்டிர் தலையிலும் மார்பிலும் மணிகள். பின்னே நிழலுக்குள், பெரியதொரு ஓவியத் துணியின் முன் கோயாவும் நிற்கிறார். இப்படத்தில் ஒரு பெண் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அவள் முகம் நமக்குத் தெரியவில்லை. பட்டத்து இளவரசனுக்கு அப்போது மணப்பெண் நிச்சயிக்கப்படாமையால், வரப்போகும் மருமகளுக்கென ஒதுக்கப்பட்ட இடம் அது என்று கருதப்படுகிறது. சிந்தித்துப் பாருங்கள். ஆள் இன்னும் வரவில்லை, ஆசனம் தயாராகிவிட்டது. முகம் இல்லை, ஆனால் பட்டாடை இருக்கிறது. பிரபுத்துவம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் வேறு வேண்டுமா?

இப்படத்தைக் காட்டிக் கோயா அரச குடும்பத்தை வேண்டுமென்றே கேலி செய்தார் என்று நம் அணியைச் சேர்ந்த சிலர் கூறுவர். அவர்களோடும் நான் உடன்பட முடியாது. கோயா அரசவையின் முதல் ஓவியராக 1799 இல் உயர்த்தப்பட்டவர், சம்பளம் பெற்றவர். அரச குடும்பமும் இப்படத்தை நிராகரிக்கவில்லை. அப்படியானால் நமக்கு அது கேலியாகத் தோன்றுவது ஏன்? உண்மையான கலைஞன் ஒருவன் முகத்தையும் நகையையும் ஒரே நேர்மையோடு தீட்டினால், நகை முகத்தைக் காப்பாற்றாது; காட்டிக்கொடுத்துவிடும். கேலி கோயாவின் தூரிகையில் இருந்ததென்பதைவிட அவர் முன்னே நின்ற யதார்த்தத்தில் இருந்தது என்பதே பொருந்தும். ஏழு ஆண்டுகள் கழித்து, 1808 இல், நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் புகுந்தது. இந்த மன்னனும் இந்த மகனும் ஒருவர் பின் ஒருவராக முடி துறந்தனர். எதிர்த்து எழுந்தவர்கள் மட்ரிட் நகரத்துச் சாமானிய மக்கள். அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட கதையை அதே கோயா 1814 இல் '1808 மே மூன்று' என்ற படமாகத் தீட்டினார். அங்கே வெளிச்சம் முழுவதும் வெள்ளைச் சட்டையணிந்து கைகளை விரித்து நிற்கும் பெயரற்ற மனிதன் ஒருவன் மீது விழுகிறது. அவனுக்கு முகம் இருக்கிறது. துப்பாக்கி ஏந்திய அணிக்குத்தான் முகம் இல்லை. ஒரே கலைஞன், இரண்டு படங்கள். அவை இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்காத ஓவியப் பாடம் பாடமேயன்று.

* * *

இனி ஸ்கொத்லாந்துக்கு வருவோம். அங்கே மேட்டுநிலக் குலத் தலைவன் ஒருவனை ஹென்றி ரேபேர்ன் என்ற ஓவியர் 1812 அளவில் தீட்டினார். கிளென்காரி குலத்தின் தலைவன் அலஸ்ரர் மக்டொனல் கட்டமிட்ட குல உடையணிந்து, கையிலே துப்பாக்கியோடு, சுவரிலே கேடயமும் வாளும் தொங்கும் மண்டபத்தில் நிமிர்ந்து நிற்கிறான். பார்ப்பவர்க்கு இவன் தன் குலமக்களுக்குத் தந்தை, அவர்களுக்காக உயிரையும் கொடுப்பவன் என்றே தோன்றும்.

வரலாறு சொல்வது வேறு. 1746 இற் கலோடன் போரில் மேட்டுநிலக் குலங்கள் தோற்ற பின்னர், பிரித்தானிய அரசு இந்தக் குல உடையையே சட்டத்தால் தடை செய்தது. 1782 வரை அத்தடை நீடித்தது. தடை நீங்கியபோது குலமுறை செத்துவிட்டது. உடை மட்டும் உயிர்த்தது. அதே காலத்திலேதான் குலத் தலைவர்கள் நிலப்பிரபுக்களாக மாறி, மனிதரை வெளியேற்றிச் செம்மறிக்கு நிலத்தைத் திறந்துவிட்டனர். கம்பளி மயிர் தரும் வருமானத்தைக் குத்தகைக் குடிகள் தர முடியவில்லை. கிளென்காரி நிலத்திலும் குடிகள் கூட்டங் கூட்டமாக வெளியேற்றப்பட்டனர். கனடாவிற் குடியேறிய அவர்கள் தம் புதிய மாவட்டத்துக்கும் கிளென்காரி என்றே பெயரிட்டனர். படத்தில் நிற்கும் இவனும் அந்த வெளியேற்றத்தைத் தொடர்ந்து நடத்தியவனே. அத்தகையவன் 1815 இல் 'உண்மையான மேட்டுநிலத்தார் சங்கம்' ஒன்றையும் தாபித்தான்! உண்மையான மேட்டுநிலத்தார் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்த வேளையில், அவர்களின் உடையை அவர்களின் தலைவன் ஓவியத்துக்காக உடுத்திக்கொண்டு நின்றான்.

பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணீர் விடுபவர்கள் இப்படத்தைச் சிறிது நேரம் பார்ப்பது நல்லது. மக்களை அழித்துவிட்டு மக்களின் கோலத்தைப் பேணுவதற்குத்தான் பல வேளைகளிற் பாரம்பரியம் என்று பெயர். ரேபேர்னின் கைவண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஒளி விழும் விதம் அற்புதமானது. ஆனால் அவ்வொளி விழாத இடத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. அதைப் படத்திற்குள் சேர்த்துப் பார்ப்பது நம் கடமை.

* * *

பிரான்சுக்குத் திரும்பினால், ஆங்கர் என்ற மாபெரும் ஓவியரைச் சந்திக்கிறோம். தன்னை ஒரு வரலாற்று ஓவியராகவே கருதிய அவர் உருவப்படம் எழுதுவதை ஒரு சுமையாக எண்ணினார். இருந்தும் அந்நூற்றாண்டின் வர்க்க வரலாற்றை அவருடைய உருவப்படங்களைக்கொண்டே எழுதிவிடலாம்.

1832 இல் அவர் 'ஜூர்னால் தே தேபா' என்ற பத்திரிகையின் அதிபர் பெர்த்தானைத் தீட்டினார். அங்கே தூண் இல்லை, திரைச்சீலை இல்லை, வாள் இல்லை. கறுப்பு உடையணிந்த கனத்த மனிதர் ஒருவர் இரண்டு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, நாற்காலியை நிறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். இவருக்கு முன்னோரின் சாட்சியம் தேவையில்லை. அவரே அவருக்குச் சாட்சி. 1830 ஜூலைப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த பூர்ஷுவா வர்க்கத்தின் முகம் இது. தன் உரிமையில் ஐயமில்லாத வர்க்கத்துக்கு அலங்காரம் வேண்டியதில்லை.

இப்போது அதே ஓவியர் 1845 இல் நிறைவு செய்த தோசோன்வில் சீமாட்டியின் படத்தைப் பாருங்கள். நீலப் பட்டாடை, மோவாயைத் தொடும் விரல், பின்னே நிலைக்கண்ணாடியிற் பிரதிபலிக்கும் கூந்தலும் செந்நிறப் பட்டு நாடாவும், அருகிலே நாடகக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் தொலைநோக்கிக் கண்ணாடி, வருகை தந்தோர் விட்டுச் சென்ற அட்டைகள். மூன்று ஆண்டுகள் உழைத்து எழுதிய படம் இது. யார் இப்பெண்? புரோக்லி பிரபு குடும்பத்தின் மகள். அவளுடைய பாட்டனார் 1794 இற் கில்லட்டினில் தலையிழந்தவர். தாய் வழியிற் பூட்டனார், பதினாறாம் லூயியின் நிதி நிர்வாகியாக இருந்த ஜெனீவா வங்கியாளர் நெக்கர். தந்தையார் லூயி பிலிப்பின் ஆட்சியிற் பிரதம மந்திரியாக இருந்தவர். ஒரு பக்கம் பாட்டனின் வெட்டுண்ட தலை. மறுபக்கம் பூட்டனின் வங்கிப் பெட்டி. நடுவிலே நீலப் பட்டு! பழைய குருதியும் புதிய மூலதனமும் சமரசம் செய்துகொண்ட வரலாற்றை ஆங்கர் ஒரு மோவாயிலும் ஒரு விரலிலும் எழுதிவிட்டார். அந்த அமைதியான பார்வைக்குள்ளே எத்தனை பேரம் அடங்கியிருக்கிறது!

பட்டென்று சொல்லிவிட்டோம், அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டாமா? பிரான்சின் பட்டுத் தலைநகர் லியோன். அந்நகரத்து நெசவாளர், தம் கூலிக்கு ஒரு குறைந்தபட்ச விகிதம் நிர்ணயிக்கப்பட வேண்டுமென்று கேட்டு 1831 நவம்பரிற் கிளர்ந்தெழுந்தனர். 1834 இல் மீண்டும் எழுந்தபோது அரசின் படை அவர்களைச் சுட்டு அடக்கியது. அந்த நெசவாளரின் ஆளுயரப் படங்கள் எந்த மாளிகைச் சுவரிலும் தொங்கவில்லை. ஆனால் அவர்களுடைய விரல்கள் அந்த நூற்றாண்டின் ஒவ்வொரு சீமாட்டியின் படத்திலும் இருக்கின்றன. பட்டின் மினுக்கத்தைத் தீட்டிய ஓவியனைப் புகழ்வோம், தவறில்லை. பட்டை நெய்தவனை மறந்து புகழ்வதுதான் தவறு.

* * *

நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கலை ஒரு தொழிற்சாலையாகவே மாறியது. அதன் தலைமைத் தொழிலாளி வின்ரர்ஹால்ரர். ஜேர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், ஒரு கமக்காரன் வீட்டிலே 1805 இற் பிறந்தவர். லூயி பிலிப்பின் குடும்பத்தைத் தீட்டினார். 1848 புரட்சியில் லூயி பிலிப் ஓடினார். பின்னர் மூன்றாம் நெப்போலியனின் குடும்பத்தைத் தீட்டினார். இங்கிலாந்தின் விக்ரோறியா மகாராணிக்காக மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்தார். ஆட்சிகள் மாறின, ஓவியர் மாறவில்லை. ஏனெனில் அவர் விற்றது முகச்சாயலை அன்று, மேன்மையின் சாயலை. அதற்கு எல்லா ஆட்சியிலும் கிராக்கி இருந்தது.

1855 ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவருடைய 'தோழியர் சூழ யூஜெனிப் பேரரசி' காட்சிக்கு வைக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரமும் நான்கு மீற்றர் அகலமும் கொண்ட அப்படத்திற் பேரரசியும் எட்டுத் தோழியரும் ஒரு சோலையில், பூக்களுக்கிடையே, பட்டும் மஸ்லினும் நுரைபோற் பொங்க அமர்ந்திருக்கின்றனர். காலம் என்பதே தீண்டாத பொன்னுலகம்! ஆனால் அச்சோலையிற் பூத்த மேன்மைக்கு எத்தனை வயது? யூஜெனி பேரரசியாகி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவள் கணவன் 1851 டிசம்பரில் ஒரு சதிப்புரட்சியாற் குடியரசைக் கவிழ்த்து, மறு ஆண்டிற் பேரரசனானவன். தோழியருட் தலையானவள் எஸ்லிங் இளவரசி. எஸ்லிங் என்ற பட்டம் 1810 இல் மசேனா என்ற தளபதிக்கு முதலாம் நெப்போலியன் வழங்கியது. மசேனா நீஸ் நகரத்துக் கடைக்காரர் ஒருவரின் மகன். கடைக்காரர் மகன் இளவரசனானதை நான் இழிவாகச் சொல்லவில்லை. அது புரட்சி திறந்துவிட்ட வாசல். அந்த வாசலால் உள்ளே வந்தவர்கள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, தாம் ஆதிதொட்டு அங்கேயே இருந்ததாக ஓவியம் எழுதுவித்ததைத்தான் சொல்கிறேன். நாற்பத்தைந்து வயதுப் பட்டத்துக்கு நானூறு ஆண்டுப் பழமையின் மெருகைப் பூசிக் கொடுத்ததே வின்ரர்ஹால்ரரின் கைத்திறன்.

அதே 1855 இல், அதே பாரிஸில், அதே பொருட்காட்சியின் தேர்வுக் குழு கூர்பே என்ற ஓவியரின் இரண்டு பெரும் படங்களை மறுத்தது. ஒன்று, அவருடைய ஊரிலே நிகழ்ந்த ஓர் அடக்கச் சடங்கைக் காட்டும் 'ஓர்னான் ஊரில் ஓர் அடக்கம்'. அது ஆறரை மீற்றர் அகலமானது. கிராமத்தவரும் குழிவெட்டுபவனும் பாதிரியாரும் அதில் ஆளுயரத்தில் நிற்கின்றனர். முன்னர் அது காட்சிக்கு வந்தபோது எழுந்த கூச்சலின் சாரம் இதுதான்: அரசர்க்கும் தேவர்க்கும் உரிய அளவை இந்த நாட்டுப்புறத்தாருக்கு எப்படிக் கொடுக்கலாம்? கவனியுங்கள், வர்ணத்துக்கு வர்க்கமில்லை என்றவர்கள் துணியின் நீள அகலத்துக்கு வர்க்கம் உண்டென்று தாமே ஒப்புக்கொண்டனர்! கூர்பே பின்வாங்கவில்லை. பொருட்காட்சிக்கு அருகிலேயே தனியாக ஒரு கூடம் அமைத்து, யதார்த்தவாதம் என்ற பெயர் சூட்டித் தன் படங்களை மக்கள் முன் வைத்தார். ஓவிய வரலாற்றின் இரு பாதைகள் அந்த ஆண்டில் அருகருகே கிடந்தன: ஒன்று சோலைக்குள் போயிற்று, மற்றது மண்ணை நோக்கிப் போயிற்று.

அவற்றின் முடிவுகளையும் அறிந்துகொள்வோம். 1870 செப்டெம்பரில் யூஜெனி பாரிஸை விட்டுத் தப்பியோடினாள். 1871 இற் பாரிஸ் கொம்யூனிற் பங்குகொண்ட கூர்பே சிறையிலடைக்கப்பட்டார்; நெப்போலியனின் வெற்றித் தூண் இடிக்கப்பட்டதற்கான செலவு முழுவதும் அவர் தலையில் ஏற்றப்பட்டது. மூன்று இலட்சம் பிராங்குக்கு மேற்பட்ட அக்கடனுக்கு அஞ்சிச் சுவிற்சலாந்தில் அடைக்கலம் புகுந்த அவர் 1877 இன் இறுதி நாளில் அங்கேயே இறந்தார். கலைக்கு அரசியல் இல்லை என்போர், அரசியல் ஒரு கலைஞனிடமிருந்து வசூலிக்க முயன்ற இத்தொகையைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

* * *

இவை ஐரோப்பாவின் உள்வீட்டு விவகாரங்கள், நமக்கென்ன என்று கேட்பவர்களுக்காக வின்ரர்ஹால்ரரின் இன்னொரு படத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1854 இல் அவர் பஞ்சாபின் மகாராசா துலீப் சிங்கைத் தீட்டினார். மன்னனுக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயது. தலைப்பாகையில் மணிகள், கழுத்திலே முத்துவடங்கள், கையில் வாள். கீழ்த்திசையின் செல்வமெல்லாம் திரண்டு வந்த இளம் அரசனின் திருக்கோலம். பிரித்தானிய அரச சேகரிப்பில் அப்படம் இன்றும் உள்ளது.

இந்த அரசனுக்கு அரசு ஏது? ஐந்து வயதில் அரியணை ஏறிய அவன், 1849 மார்ச்சில், பத்து வயதில், ஓர் உடன்படிக்கையினால் நாட்டை இழந்தான். கோகினூர் வைரத்தை இங்கிலாந்தின் அரசிக்குக் கையளிக்க வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் ஒரு வாசகம். ஆண்டொன்றுக்கு நான்கு இலட்சத்துக்குக் குறையாமலும் ஐந்து இலட்சத்துக்கு மேற்படாமலும் ரூபா உபகாரச் சம்பளம் தரப்படும் என்பது இன்னொரு வாசகம். தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஆங்கிலப் பாதுகாவலர் கையில் வளர்க்கப்பட்டு, கிறிஸ்தவனாக்கப்பட்டு, இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். அங்கே பக்கிங்ஹாம் மாளிகையில் இப்படத்துக்காக அவன் நின்றுகொண்டிருந்த நாட்களில், விக்ரோறியா அந்த வைரத்தை எடுத்துவரச் செய்து அவன் கையிற் கொடுத்தாள். 186 கரட்டாக இருந்தது, பட்டை தீட்டப்பட்டு 105 கரட்டுச் சொச்சமாகக் குறைந்திருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்திற் பார்த்துவிட்டு, அவன் அதைத் திரும்ப அரசியின் கையிலேயே கொடுத்தான். வேறு என்ன செய்ய முடியும்?

படத்தில் அவனுடைய அணிகலன்களுக்கிடையே வைரம் பதித்த சட்டத்துள் ஒரு சிறிய முகம் இருக்கிறது. அது விக்ரோறியாவின் முகம். தன் நாட்டைப் பறித்தவளின் உருவத்தை மாலையிற் கோத்து நிற்கும் அரசனை உலகுக்குக் காட்டுவதற்காகவே இந்த ஆடம்பரம் அனைத்தும். அதிகாரம் பறிக்கப்பட்ட பின்னர்தான் அழகு தாராளமாக வழங்கப்பட்டது. வாளைப் பிடித்திருக்கும் கை, வாளை உருவக்கூடிய கையாக இருந்திருந்தால் இப்படம் எழுதப்பட்டிருக்குமா? பின்னாளில், 1886 இல், அவன் இந்தியாவுக்குத் திரும்பப் புறப்பட்டபோது ஏடனில் தடுத்து நிறுத்தப்பட்டான். 1893 இற் பாரிஸில் இறந்தான். ஓவியத்து அரசனைப் போற்றிய ஏகாதிபத்தியத்துக்கு உயிருள்ள அரசனைத் தாங்க முடியவில்லை.

இலங்கை வாசகர்க்கு இக்கதை புதியதன்று. 1815 இற் கண்டி வீழ்ந்தது. ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டு 1832 இல் அங்கேயே மாண்டான். அவனுடைய சிங்காசனம் கடல் கடந்து வின்ட்சர் மாளிகையை அலங்கரித்து, 1934 இலேதான் திரும்பி வந்தது. முடியிழந்தவனின் பொருள் வென்றவனின் வீட்டில் கலைப்பொருளாகிறது. லாகூரானாலென்ன, கண்டியானாலென்ன, சூத்திரம் ஒன்றுதான்.

* * *

துலீப் சிங்கின் படம் எழுதப்பட்ட அதே 1854 இற் பாரிஸில் திஸ்தேரி என்ற புகைப்படக்காரர் ஒரு புதிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே தகட்டிற் பல சிறு படங்களை எடுத்து, வருகை அட்டையின் அளவிற் பிரதி செய்து மலிவாக விற்கும் முறை அது. பிரபுவுக்கு மட்டும் உரியதாயிருந்த உருவப்படம் மத்தியதர வர்க்கத்தின் கைக்கு எட்டியது. இது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆனால் புகைப்படக்காரர் ஸ்ரூடியோவில் எவற்றை நிறுத்தி வைத்தார்? அட்டையாற் செய்த கிரேக்கத் தூண், சரிகைத் திரை, சித்திரம் எழுதிய பூந்தோட்டம்! முகம் குமாஸ்தாவினுடையது, பின்னணி கோமகனுடையது. எஜமானின் மாளிகை இடிந்தபோது அதன் திரைச்சீலையை எடுத்துத் தன் தோளிற் போட்டுக்கொண்டது மத்தியதர வர்க்கம்.

நம் பெரிய வீடுகளின் விறாந்தைச் சுவர்களை நினைத்துப் பாருங்கள். பொற்பொத்தான் மேலங்கியும் இடையில் வாளுமாக நிற்கும் முதலியார். ஒரு கையைப் புத்தகத்தின்மீது வைத்து நிற்கும் உத்தியோகத்தர். பக்கத்திலே அதே தூண், அதே திரை. அந்த வாள் எந்தப் போரையும் கண்டதில்லை. அது கவர்னரின் உத்தரவுப்படி அணியப்பட்ட வாள். துலீப் சிங்கின் மார்பில் இருந்த சிறிய முகம் இவர்களுடைய மார்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் தொங்குகிறது. அப்படங்களைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவை நம் பாட்டன்மார். ஆனால் அவர்களை வணங்குவதற்கு முன்னர் வாசிக்கவும் பழக வேண்டும்.

* * *

ஒரு கண்டனத்துக்கு விடை கூறி முடிக்கிறேன். 'அப்படியானால் ஆங்கரையும் ரேபேர்னையும் குப்பையிற் போட வேண்டுமா?' என்று கேட்கப்படலாம். வேண்டாம். அவ்வாறு செய்பவன் முற்போக்குவாதி அல்லன், சோம்பேறி. பட்டின் மடிப்பில் ஒளி தங்கும் இரகசியத்தைக் கண்டறிந்தது மனித உழைப்பு. அந்த உழைப்பின் விளைவுக்கு உழைக்கும் மக்களே சட்டபூர்வமான வாரிசுகள். நாம் மறுப்பது ஓவியனின் கையையன்று; அக்கையைக்கொண்டு எழுதுவித்த பொய் உறுதியை. திறமையைத் திறமையென்று சொல்வோம். பொய்யைப் பொய்யென்று சொல்வோம். இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லத் தெரிந்தவனே விமர்சகன். தூய கலைவாதி முதலாவதை மட்டும் சொல்கிறான்; கோஷக்காரன் இரண்டாவதை மட்டும் சொல்கிறான். இருவரும் பாதிப் படத்தையே பார்க்கிறார்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பிலே ஓர் உருவப்படத்தைக் காட்டும்போது ஓவியன் பெயரையும் ஆண்டையும் எழுதுவித்து அடுத்த பாடத்துக்குப் போய்விடாதீர்கள். மாணவரைக் கேட்கச் செய்யுங்கள்: இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? அந்தப் பணம் எந்த நிலத்திலிருந்து வந்தது? அந்த உடையை நெய்தவர் யார்? இவரைச் சுற்றி இருந்திருக்க வேண்டிய எவர் படத்தில் இல்லை? இவர் எதற்கு அஞ்சி இவ்வளவு நிமிர்ந்து நிற்கிறார்? இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய மாணவன் நாளை சுவரிலே காணும் எந்தப் பெரிய மனிதரின் சிரித்த முகத்துக்கு முன்னாலும் வாய்பிளந்து நிற்கமாட்டான்.

கூர்பே 1849 இல் 'கல்லுடைப்போர்' என்றொரு படம் தீட்டினார். தெருவோரத்தில் ஒரு கிழவனும் ஒரு சிறுவனும் கல்லுடைக்கின்றனர். கிழவனின் முகத்தைத் தொப்பி மறைக்கிறது. சிறுவன் முதுகு காட்டி நிற்கிறான். கோயாவின் மருமகளுக்கும் முகம் இல்லை. இவர்களுக்கும் முகம் இல்லை. ஆனால் அவளுக்கு முகம் வருமுன்னரே ஆசனம் இருந்தது; இவர்களுக்கு உழைத்து முதுகு வளைந்த பின்னரும் முகம் கிடைக்கவில்லை. அந்தப் படம் இப்போது இல்லை. 1945 இல், டிரெஸ்டன் நகர்மீது குண்டுகள் பொழியப்பட்ட நாட்களில் அது அழிந்துபோயிற்று. சீமாட்டிகளும் இளவரசிகளும் காவலுள்ள கூடங்களிற் பத்திரமாக இருக்கிறார்கள்.

அழிந்த படத்தின் புகைப்படப் பிரதிகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேடி எடுத்து, அந்தச் சோலையின் படத்துக்கு அருகே வகுப்பறைச் சுவரிலே ஒட்டுங்கள். மாணவர் முதலிலே பட்டைத்தான் பார்ப்பார்கள். பரவாயில்லை. சிறிது நேரம் பொறுத்திருங்கள். அவர்களுள் ஒருவனாவது திரும்பி, 'ஐயா, இந்தப் பொடியன்ரை முகம் எங்கை?' என்று கேட்பான். அப்போது பாடத்தைத் தொடங்குங்கள்.